கப்பும் கிராமும்: சமையலறைக் கணக்குக்கு ஒரு எக்ஸெல் பைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் படம், பாட்டு, விளையாட்டு என்று போய்விடும். அதன் பிறகுதான் "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்காக இந்தப் பாடம். கேக், பிஸ்கட், மக்ரூன் போன்றவற்றைச் செய்யும்போது கப் கணக்கைக் கிராமாகவும், கிராம் கணக்கைக் கப்பாகவும் மாற்றித் தரும் ஒரு சிறிய எக்ஸெல் பைலை உருவாக்கப் போகிறோம். பார்முலா எழுதுவது, டாலர் குறி போடுவது, ஒரு அட்டவணையில் இருந்து மதிப்பைத் தேடி எடுப்பது ஆகிய மூன்றையும் இதிலேயே கற்றுக்கொண்டு விடலாம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே முறையில் செய்யலாம்.

ஒரு சிறு குறிப்பு: செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கீபோர்டில் டைப் செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துக்களை அடியுங்கள். குறியீடுகளும் எண்களும் அப்படியே இருக்கட்டும்.

கப் என்றால் எவ்வளவு?

கப் என்பது கொள்ளளவு. அதாவது, ஒரு பாத்திரத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்வது. கிராம் என்பது எடை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முன்பு, எந்தக் கப் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கப் துல்லியமாகச் சொன்னால் 236.6 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் அளவுக் கப் செட்டுகளில் பெரும்பாலும் 240 மில்லி என்றிருக்கும். ஆஸ்திரேலியச் சமையல் புத்தகங்களில் கப் 250 மில்லி. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அது ஜப்பானியரின் பழைய அரிசி அளவில் இருந்து வந்தது. டேபிள் ஸ்பூன் பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20 மில்லி. டீ ஸ்பூன் 5 மில்லி.

நமக்கு இது புதிய குழப்பம் அல்ல. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று நம் ஊர்களில் அளந்தவையும் கொள்ளளவுகளே. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறியதால்தான் "எந்த ஊர்ப் படி?" என்று கேட்டு வாங்கினார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் முறை படிப்படியாக நாடு முழுவதும் வந்தது. கடைத்தராசு மாறிவிட்டது. ஆனால் அடுப்படியில் டம்ளரும் உழக்கும் அப்படியே இருக்கின்றன.

டம்ளர் கணக்கு எங்கே உதைக்கிறது?

என் சொந்த ஊர் சாத்தான்குளம். தூத்துக்குடி மக்ரூன் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பண்டம். முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகிய மூன்றே பொருட்களில் கூம்பு கூம்பாகச் செய்வது. எங்கள் சித்தி வீட்டிலேயே மக்ரூனும் கேக்கும் செய்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆர்டர் எடுத்துக் கொடுக்கிறார். அவருடைய நோட்டில் மக்ரூனுக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: 4 வெள்ளைக்கரு, 1 டம்ளர் சீனி, 2 டம்ளர் முந்திரிப் பொடி. டம்ளர் என்றால் விளிம்பு நெளிந்த ஒரு பழைய எவர்சில்வர் டம்ளர். அதை வேறு எதற்கும் யாரும் எடுக்கக் கூடாது.

பெங்களூரில் இருக்கும் அவர் மகள், போனில் இந்த அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு, தன் வீட்டில் இருந்த பெரிய டம்ளரில் அளந்து செய்தாள். மக்ரூன் எழும்பவில்லை. கல் மாதிரி ஆகிவிட்டது. சித்தியிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "தம்ளர் மாறிட்டுன்னா எல்லாம் மாறிடும்லா. இங்க வந்து எந்தம்ளர்ல செஞ்சு பாரு, சரியா வரும்."

சித்தி சொன்னது சரிதான். ஏன் என்று பார்ப்போம். எல்லாப் பொருளையும் ஒரே டம்ளரில் அளந்தால், டம்ளர் சிறிதோ பெரிதோ, பொருட்களின் விகிதம் மாறாது. மொத்தம்தான் கூடும் அல்லது குறையும். ஆனால் முட்டையை டம்ளரில் அளப்பதில்லை, எண்ணிப் போடுகிறோம். சோடா உப்பை ஸ்பூனில் போடுகிறோம். மைதாவைக் கிலோ பாக்கெட்டாக வாங்குகிறோம். டம்ளர் கணக்கு, இப்படி வேறு ஒரு கணக்கைத் தொடும் இடத்தில்தான் உதைக்கும். பெங்களூரில் டம்ளர் பெரிதானது. முட்டை நான்காகவே இருந்தது. அடித்த நுரை, கூடுதல் முந்திரியின் பாரத்தைத் தாங்காமல் அமுங்கிவிட்டது.

ஆகவே அந்த டம்ளரைக் கிராமாக மாற்றி எழுதி வைத்துவிட்டால், சித்தியின் மக்ரூனை எந்த ஊரிலும் செய்யலாம். டம்ளர் தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

முதலில் டம்ளரை அளப்போம்

இதற்கு ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு வேண்டும். தராசில் டம்ளரை வைத்து "டேர்" என்ற பட்டனை அழுத்தினால் எண் பூஜ்யம் ஆகிவிடும். டம்ளரின் எடை கழிந்துவிட்டது என்று பொருள். இனி டம்ளருக்குள் போடுவதன் எடை மட்டுமே தெரியும்.

முதலில் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். சமையலறைக் கணக்குக்கு, தண்ணீர் ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே தராசு காட்டும் கிராம்தான் டம்ளரின் மில்லி. சித்தியின் டம்ளரில் 182 கிராம் தண்ணீர் பிடித்தது. ஆக, அது 182 மில்லி டம்ளர்.

பிறகு டம்ளரை நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு பொருளாக நிரப்பி, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை:

மைதா 91 கிராம்
சீனி 154 கிராம்
பால் 187 கிராம்
எண்ணெய் 166 கிராம்
கோகோ பொடி 65 கிராம்
ரவை 127 கிராம்
முந்திரிப் பொடி 78 கிராம்

ஒரே டம்ளர்தான். ஆனால் கோகோவுக்கும் பாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு மில்லிக்கு எத்தனை கிராம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். இதைத்தான் பள்ளியில் அடர்த்தி என்று படித்தோம். எடைக்கும் கொள்ளளவுக்கும் நடுவில் உள்ள பாலம் இந்த எண்தான்.

மாவு அளக்கும்போது கவனம் தேவை. மைதாவை ஸ்பூனால் அள்ளி டம்ளரில் போட்டு, மேலே கத்தியால் வழித்துவிட்டால், 240 மில்லி கப்பில் சுமார் 120 கிராம் இருக்கும். கப்பை நேராக மாவு டின்னுக்குள் அமுக்கி அள்ளினால் 140 கிராமோ அதற்கு மேலோ ஏறிவிடும். தட்டித் தட்டி நிரப்பினால் இன்னும் கூடும். 1896இல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் சமையல் புத்தகம்தான், மேலே வழித்துவிட்டு அளக்கும் முறையை அமெரிக்க வீடுகளில் பரப்பியது. எனவே பொடி வகைகளை மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மைதாவுக்கு எங்களுக்கு 90, 93, 90 என்று வந்தது. சராசரி 91.

இப்போது எக்ஸெல்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிகிறது அல்லவா? ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஏ, பி, சி என்று எழுத்துக்கள். இடப்பக்கம் 1, 2, 3 என்று எண்கள். முதல் நெட்டு வரிசையும் முதல் படுக்கை வரிசையும் சந்திக்கும் செல்லின் பெயர் ஏ1.

1. ஏ1 செல்லில் கிளிக் செய்து "டம்ளர் மில்லி" என்று டைப் செய்திடுங்கள். பக்கத்து பி1 செல்லில் 182 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. ஏ2 செல்லில் "கப் மில்லி", பி2 செல்லில் 240.

3. ஏ3 செல்லில் "எத்தனை கேக்", பி3 செல்லில் 1.

4. ஒரு வரிசை விட்டு, ஐந்தாவது வரிசையில் தலைப்புகள். ஏ5 "பொருள்", பி5 "டம்ளர் எடை", சி5 "மில்லிக்குக் கிராம்", டி5 "கப் எடை".

5. ஏ6 முதல் ஏ12 வரை மேலே உள்ள ஏழு பொருட்களின் பெயர்கள். பி6 முதல் பி12 வரை அவற்றின் எடைகள். எண்ணை மட்டும் டைப் செய்திடுங்கள். "91 கிராம்" என்று சொல்லையும் சேர்த்தால், எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, கணக்கும் போடாது.

முதல் பார்முலா

சி6 செல்லில் கிளிக் செய்து இப்படி டைப் செய்திடுங்கள்:

=பி6/$பி$1

என்டர் தட்டினால் 0.5 என்று வரும். மைதா ஒரு மில்லிக்கு அரை கிராம்.

டாலர் குறி எதற்கு? இந்தப் பார்முலாவை அடுத்த வரிசைக்குக் காப்பி செய்தால், எக்ஸெல் பி6 என்பதைத் தானாகவே பி7 என்று மாற்றிவிடும். அது நமக்கு வேண்டியதுதான். ஆனால் பி1 என்பதும் பி2 ஆக மாறினால், சீனியின் எடையை டம்ளரால் வகுக்காமல் கப்பால் வகுத்துவிடும். டாலர் குறி, "இந்தச் செல்லை விட்டு நகராதே" என்று கட்டிப்போடும் கயிறு. பார்முலாவில் பி1 என்று டைப் செய்தவுடன் எஃப்4 கீயை அழுத்தினால் டாலர் குறிகள் தானாக வந்துவிடும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

அடுத்து டி6 செல்லில்:

=சி6*$பி$2

விடை 120. அதாவது 240 மில்லி கப்புக்கு 120 கிராம் மைதா.

இப்போது சி6, டி6 இரண்டையும் மவுஸால் தேர்வு செய்திடுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதன் மீது கர்சரைக் கொண்டு போனால் கூட்டல் குறி போல மாறும். அப்படியே அழுத்திப் பிடித்து 12ஆவது வரிசை வரை இழுத்துவிடுங்கள். எல்லாப் பொருளுக்கும் விடை வந்துவிடும். சீனி 203, பால் 247, எண்ணெய் 219, கோகோ 86, ரவை 167, முந்திரிப் பொடி 103 என்ற அளவில் இருக்க வேண்டும். நீளமான தசம எண்கள் தெரிந்தால், அந்தச் செல்களைத் தேர்வு செய்து, கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, நம்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, தசம இடத்தை டி வரிசைக்கு 0 என்றும், சி வரிசைக்கு 3 என்றும் வைத்திடுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. வீட்டில் உள்ள எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 1 லிட்டர் என்பதுடன் 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். லிட்டருக்கு 910 கிராம் என்றால் மில்லிக்கு 0.91. நம் அட்டவணையில் வந்தது 0.912. அளந்தது சரி.

செய்முறைக்கு ஏற்ற அட்டவணை

இனி ஒரு முட்டை இல்லாத சாக்லேட் கேக்கை எடுத்துக்கொள்வோம். மைதா ஒன்றரை கப், சீனி 1 கப், கோகோ கால் கப், பால் 1 கப், எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப்.

ஏ15 "பொருள்", பி15 "கப்", சி15 "கிராம்" என்று தலைப்பிடுங்கள். ஏ16 முதல் ஏ20 வரை பொருட்கள். பி16 முதல் பி20 வரை 1.5, 1, 0.25, 1 என்று டைப் செய்து, எண்ணெய்க்கு மட்டும் =1/3 என்று டைப் செய்திடுங்கள்.

சமக் குறியை விட்டுவிட்டு வெறுமனே 1/3 என்று அடித்தால், எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். தேதிகளை எக்ஸெல் உள்ளுக்குள் 1900ஆம் ஆண்டில் இருந்து எண்ணி வரும் நாட்களாக வைத்திருக்கிறது. அது இப்போது 45 ஆயிரத்தைத் தாண்டிவிட்ட எண். ஒரு கேக்குக்கு எண்ணெய் சுமார் 10 டன் என்று விடை வரும்!

இப்போது சி16 செல்லில்:

=பி16*விலுக்அப்(ஏ16,$ஏ$6:$டி$12,4,0)*$பி$3

விலுக்அப் என்பதை வி, எல், ஓ, ஓ, கே, யு, பி என்ற ஏழு எழுத்துக்களாக அடிக்க வேண்டும். இந்தப் பங்ஷன் செய்வது என்ன? ஏ16இல் உள்ள "மைதா" என்ற பெயரை எடுத்துக்கொண்டு, மேலே உள்ள அட்டவணையின் முதல் நெட்டு வரிசையில் தேடும். கிடைத்ததும், அதே வரியில் நான்காவது செல்லில் உள்ள மதிப்பை, அதாவது கப் எடையைக் கொண்டுவரும். கடைசியில் உள்ள 0, பெயர் அச்சாக அதேபோல இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பிறகு அது கப் எண்ணிக்கையாலும் கேக் எண்ணிக்கையாலும் பெருக்கப்படுகிறது.

இந்தப் பார்முலாவையும் சி20 வரை இழுத்துவிடுங்கள். மைதா 180, சீனி 203, கோகோ 21, பால் 247, எண்ணெய் 73 கிராம் என்று வரும்.

#என்/ஏ என்று வந்தால் பயப்பட வேண்டாம். தேடிய பெயர் அட்டவணையில் இல்லை என்று பொருள். மேலே "சீனி" என்றும் கீழே "சர்க்கரை" என்றும் டைப் செய்திருப்பீர்கள். அல்லது பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்திருக்கும். நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

ஆர்டர் வந்தால்

பி3 செல்லில் 1 என்பதை மாற்றி 12 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நொடியில் எல்லா எண்ணும் மாறிவிடும். மைதா 2160 கிராம், சீனி 2437, கோகோ 257, பால் 2959, எண்ணெய் 876.

இப்போது கடைக்குப் போகும் பட்டியல் கையில் இருக்கிறது. மைதா இரண்டு கிலோ பாக்கெட் போதாது, இன்னும் 160 கிராம் வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். பால், எண்ணெய் போன்றவற்றை மில்லியில் வாங்க, கிராமை மில்லிக்குக் கிராம் என்ற எண்ணால் வகுத்தால் போதும். எண்ணெய் 960 மில்லி, பால் 2880 மில்லி.

பன்னிரண்டு கேக்குக்கு 18 கப் மைதா. ஒவ்வொரு கப்பையும் மாவுக்குள் அமுக்கி அள்ளி 140 கிராம் ஆக்கினால், மொத்தம் 2520 கிராம் போயிருக்கும். 360 கிராம், அதாவது மூன்று கப் மாவு கூடுதல். ஒரு கேக்கில் 30 கிராம் கூடினால் கேக் கொஞ்சம் இறுகும், வீட்டில் சாப்பிட்டுவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கியவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேறு வீட்டுக்குப் போய்விடுவார். சித்தி மாதிரி வீட்டில் இருந்து சம்பாதிப்பவர்களுக்கு இந்த 30 கிராம் சிறிய விஷயம் அல்ல.

ஆஸ்திரேலியப் புத்தகம் பார்த்துச் செய்கிறீர்களா? பி2 செல்லில் 250 என்று மாற்றுங்கள். டம்ளர் கணக்கில் எழுதிய பழைய நோட்டா? பி2 செல்லில் 182 என்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத எண்

எக்ஸெல்லிலேயே கன்வெர்ட் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. எக்ஸெல் 2003 வரை இதற்கென்று தனியாக ஒரு ஆட்-இன்னைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2007இல் இருந்து உள்ளேயே வருகிறது. அளவுகளின் பெயர்களைச் சிறிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும்.

=கன்வெர்ட்(1,"கப்","எம்எல்") என்று கொடுத்தால் 236.588 என்று வரும். எக்ஸெல்லுக்குத் தெரிந்தது அமெரிக்கக் கப் மட்டும்தான்.

=கன்வெர்ட்(8,"ஓஇசட்எம்","ஜி") என்று கொடுத்தால் 226.8. எட்டு அவுன்ஸ் எடை எத்தனை கிராம் என்பது இது.

=கன்வெர்ட்(1,"கப்","ஜி") என்று கொடுத்துப் பாருங்கள். #என்/ஏ என்றுதான் வரும். கப்பில் இருப்பது மைதாவா, தேனா என்று எக்ஸெல்லுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாலத்தை நாம்தான் கட்டித் தர வேண்டும். நம் சி நெட்டு வரிசை செய்வது அதைத்தான்.

அந்த எண்ணைத் தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுபோனது. விமானத்துக்குத் தேவைப்பட்டது 22,300 கிலோ எரிபொருள். டேங்கில் இருந்ததை லிட்டரில் அளந்தார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.803ஆல் பெருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். பெருக்கல் சரி, வகுத்தல் சரி, பாலம் தவறு. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் கிளம்பியது. விமானி கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானத் தளத்தில், கிளைடர் போலவே இறக்கியதால் உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள். கம்ப்யூட்டரும் கால்குலேட்டரும் நாம் கொடுக்கும் எண்ணைத்தான் பெருக்கும். சரியா என்று கேட்காது.

கவனிக்க வேண்டிய சில

பொடித்த பிறகா, பொடிக்கும் முன்பா? "ஒரு கப் முந்திரிப் பொடி" என்பதும், "ஒரு கப் முந்திரியைப் பொடித்தது" என்பதும் ஒன்றல்ல. பொடித்தால் கொள்ளளவு மாறும், எடை மாறாது. 100 கிராம் முந்திரி பொடித்தாலும் 100 கிராம்தான். உடன்குடி கருப்பட்டி போட்டுக் கேக் செய்பவர்களுக்கும் இதே விதி. கட்டியாக உடைத்ததும், தூளாக்கிச் சலித்ததும் ஒரே டம்ளரில் வேறு வேறு எடை காட்டும். கருப்பட்டிக்கு அட்டவணையில் இரண்டு வரிசை போடுங்கள்.

அவுன்ஸ் இரண்டு வகை. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. பாலுக்கும் எசன்ஸுக்கும் சொல்வது பெரும்பாலும் திரவ அவுன்ஸ்.

மிகச் சிறிய அளவுகளைத் தராசில் வைக்காதீர்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு, கால் ஸ்பூன் சோடா உப்பைச் சரியாகக் காட்டாது. அதற்கு அளவு ஸ்பூனை வழித்துப் போடுவதே சரி.

அட்டவணையின் இடையில் புதிய பொருளைச் சேர்க்க, 12ஆவது வரிசையின் எண் மீது ரைட் கிளிக் செய்து, இன்சர்ட் கொடுங்கள். நடுவில் ஒரு வரிசை சேரும். பார்முலாவில் உள்ள எல்லையும் தானாக நீளும். சி, டி செல்களுக்கு மட்டும் மேல் வரிசையில் இருந்து பார்முலாவை இழுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசைக்குக் கீழே டைப் செய்தால் விலுக்அப் அதைப் பார்க்காது.

நோட்டில் ஒளிந்திருந்த விகிதம்

பைல் தயாரானதும் சித்தியின் மக்ரூன் அளவை அதில் போட்டுப் பார்த்தோம். 1 டம்ளர் சீனி 154 கிராம். 2 டம்ளர் முந்திரிப் பொடி 156 கிராம். டம்ளர் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு என்று இருந்தது, எடைக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று! மாவு, வெண்ணெய், சீனி, முட்டை நான்கும் ஒவ்வொரு பவுண்டு என்பதால் பவுண்டு கேக் என்று பெயர் வந்ததே, அதுபோல எளிதாக நினைவில் வைக்கக்கூடிய அளவு. சித்தியிடம் காட்டியபோது, "சமமாத்தான் போடுதேனா? எங்கம்மா இத சொல்லவே இல்லியே" என்றார். அவர் அம்மாவுக்கும் டம்ளர்தான் தெரிந்திருக்கும்.

பெங்களூர் டம்ளர் 250 மில்லி என்று பிறகு தண்ணீர் ஊற்றி அளந்து சொன்னாள். சித்தியின் டம்ளரில் முந்திரியும் சீனியும் சேர்ந்து 310 கிராம். அந்த டம்ளரில் அதுவே 426 கிராம். நான்கு வெள்ளைக்கருவின் மேல் 116 கிராம் கூடுதல் பாரம். காரணம் எண்ணாகவே கிடைத்துவிட்டது. இப்போது அவள் 155 கிராம் சீனி, 155 கிராம் முந்திரி என்று தராசில் வைத்துச் செய்கிறாள். கூம்பு நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி, பைலுக்கு "சமையல் அளவு" என்று பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள். பிரிண்டர் இருந்தால் ஒரு பக்கம் அச்செடுத்து அடுப்படி அலமாரியின் உட்பக்கம் ஒட்டுங்கள். மாவுக் கையுடன் மவுஸைத் தொட வேண்டியதில்லை.

பிறகு உங்கள் வீட்டில் அம்மாவிடமோ ஆச்சியிடமோ, அவர்கள் எந்த டம்ளரில், எந்த உழக்கில் அளக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி எடை பார்த்து, பி1 செல்லில் போடுங்கள். அவர்கள் கைப்பிடியாக அள்ளிப் போடுவதையும், அடுத்த முறை போடும்போது கீழே தராசை வைத்துப் பிடித்துவிடுங்கள். பார்முலாவை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பி நெட்டு வரிசையில் வர வேண்டிய எண்களை, அந்த டம்ளரும் அந்தக் கையும் வீட்டில் இருக்கும்போதுதான் எடுக்க முடியும்.